டெய்லர் வாங்கிய ஐம்பத்து மூன்று மனுக்கள்

அரசாங்க வேலையில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், ஒரு தையற்காரரை அரசு ஜீப்பில் முன் சீட்டில் உட்கார வைத்து, ஜவ்வாது மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், கலெக்டர் என்ற பேரில் ஐம்பத்து மூன்று மனுக்கள் வாங்க வைத்தவள் நான். இதற்காக எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. முழுக்க முழுக்க என் சொந்த அறிவைப் பயன்படுத்தித்தான் செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பக்க அறையில் இரண்டு மேசை, ஒரு பீரோ, ஒரு தட்டச்சு மிஷின். அவ்வளவுதான் எங்கள் பிரிவு. பேர் மட்டும் நீளம்: ‘மேடைக் கலைகளை எட்டாத ஊர்களுக்கு எடுத்துச் செல்லும் திட்டம்’. (போனை எடுத்து இதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுவார்.) நாடகமோ பாட்டுக் கச்சேரியோ போய்ச் சேராத ஊராகப் பார்த்து, அரசாங்கச் செலவில் ஒரு குழுவை அங்கே அனுப்பி நிகழ்ச்சி நடத்த வேண்டும். எங்கள் அதிகாரி மாணிக்கம் சார். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. அந்த இரண்டு வருஷமும் வம்பு தும்பு இல்லாமல் கழிய வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. அப்படிப்பட்ட மனிதருக்கு உதவியாளராக என்னைப் போட்டிருந்தார்கள்.

நான் கல்லூரி நாடகப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவள். (போட்டியில் கலந்துகொண்டதே இரண்டு குழுதான்.) ஆகவே கலையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஓர் எண்ணம். முதன்முதலில் எழுதிய கோப்புக் குறிப்பிலேயே ‘கலையின் வெளிச்சம் படாத மலைவாழ் மக்களின் இருண்ட வாழ்வில்’ என்று ஆரம்பித்திருந்தேன். சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வெளிச்சத்த கரண்டு ஆபீசு பாத்துக்கும். நீ நாடகம்னு மட்டும் எழுதும்மா.”

முதல் நிகழ்ச்சியைக் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வைத்தேன். நிலக்கடலை பிடுங்குகிற சமயம் என்று எனக்குத் தெரியாது. ஊரே கடலைக் கொல்லையில் இருந்தது. நாடகத்துக்கு வந்தது பதினொரு பேர். அதில் நான்கு பேர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள். கதாநாயகி அழுதுகொண்டிருந்தபோது பஸ் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டார்கள். எங்கள் படிவத்தில் ‘பார்வையாளர்: இருநூறுக்குக் குறையாமல்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘ஏழு’ என்று எழுதிக்கொண்டு போய் நின்றேன்.

“இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பிரிவையே மூடிடுவாங்க. உனக்கு இன்னும் வேல நெரந்தரம் ஆகல, தெரியுமில்ல?” என்றார் சார்.

அடுத்த நிகழ்ச்சி ஜமுனாமரத்தூருக்கு மேலே, ஜீப் போகிற மண் பாதை முடிகிற இடத்தில் இருந்த நெல்லிமரத்தூரில். இந்தத் தடவை கூட்டம் வந்தே ஆக வேண்டும். அதற்காக நான் தேர்ந்தெடுத்தது அமீர் பாயின் குழுவை.

அமீர் பாய்க்குத் தேரடித் தெருப் பக்கம் தையற்கடை. ஆறடி உயரம், காதோரம் நரை, மைக் தேவைப்படாத குரல். பதினைந்து வருஷமாக ஓய்வு நேரத்தில் நாடகம் எழுதி நடித்து வந்தார். அவர் குழுவில் இன்னும் இரண்டு டெய்லர்கள், ஒரு பியூன், கோயில் வாசலில் தேங்காய் விற்கிற முருகேசன். அப்போது அவர்கள் போட்டுக்கொண்டிருந்த நாடகத்தின் பேர் ‘கலெக்டர் வர்றார்’. கலெக்டர் வரப் போகிறார் என்று ஒரு கிராமம் தடபுடலாகத் தயாராகும். கடைசிக் காட்சியில் கலெக்டர் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து, மனு வாங்கி, ஏமாற்றுக்காரர்களை விளாசுவார். அந்த வேஷம் பாய்க்கு. சாம்பல் நிற சபாரி சூட்டைத் தன் கையாலேயே தைத்திருந்தார். அப்படியொரு பொருத்தமான உடுப்பை எந்தக் கலெக்டரும் போட்டு நான் பார்த்ததில்லை.

நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தபோது அச்சகத்தில், “பேர நல்லா பெருசா போடுங்க. மலையில தூரத்துலேர்ந்து பாத்தாலே தெரியணும்” என்று சொன்னேன். அச்சகக்காரர் அப்படியே போட்டார். ‘கலெக்டர் வர்றார்’ என்பது உள்ளங்கை அகல எழுத்தில். அதற்குக் கீழே தேதி, நேரம், இடம். ‘நகைச்சுவை நாடகம்’ என்கிற இரண்டு வார்த்தைக்கு இடம் போதாமல், அடியில் அச்சகத்தின் பேருக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி கிடந்தது. அழகாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் முன்னதாக நானே மலைக்குப் போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் அதை ஒட்டினேன். பக்கத்தில் பாறைமேல் சாமை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். சின்னப்பொண்ணு என்று பேர். யாரோ ஒருவர் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டியதும் என்னிடம் கேட்டார்:

“ஏம்மா, நெஜமாவே வர்றாரா?”

“கட்டாயம் வருவாருங்க. அவரு இல்லாம எப்படி?”

“எவ்ளோ நேரம் இருப்பாரு?”

“ஒரு மணி நேரம். கடைசி அர மணி முழுக்க அவருதான்.”

“நாங்க சொல்றது அவரு காதுல ஏறுமா?”

கைதட்டுவதையும் சிரிப்பதையும் பற்றித்தான் கேட்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். “நல்லா ஏறும்ங்க. நீங்க என்னா நெனைக்கிறீங்களோ அதான் அவருக்கு முக்கியம். அதுக்காகத்தான் இவ்ளோ தூரம் வர்றாரு.”

அவர், “நல்ல மனுசனாட்டம் கீதே” என்று சொல்லிவிட்டுச் சாமையைக் கிளறப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. குழு ஒரு வேனில். நானும் பாயும் ஜீப்பில். பாய் வேஷத்தோடேயே வந்து முன்னால் ஏறினார். “பொட்டியில வெச்சா கசங்கிடும், வசந்திம்மா. மலையில இஸ்திரி போட வசதி இருக்குமோ இருக்காதோ.” வழியில் ஒரு சோதனைச் சாவடியில் காவலாளி கம்பைத் தூக்கிவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பாய் லேசாகத் தலையசைத்தார். நான் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். (சிரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.)

நெல்லிமரத்தூரில் ஜீப் நின்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதை முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மாவிலைத் தோரணம். மேளம் முழங்க ஆண்களும் பெண்களும் வரிசையாகக் கைகோத்து ஆடிக்கொண்டே எங்களை எதிர்கொண்டார்கள். பாயின் கழுத்தில் மாலை விழுந்தது. பதினைந்து வருஷ நாடக வாழ்க்கையில் அவருக்கு விழுந்த முதல் மாலை. கலைஞனை எப்படி மதிக்கிறார்கள் பார் என்று நான் உருகினேன்.

அந்த ஆட்டம் அரை மணிக்கு மேல் நடந்தது. மேளம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுக்க, அத்தனை கால்களும் ஒரே கால் மாதிரி விழுந்தன. வயசானவர், கைக்குழந்தைக்காரி, எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது, எப்போது திரும்ப வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று ஒன்றும் விளங்காமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ‘கலையின் வெளிச்சம் படாத’ என்று நான் எழுதிய வரி ஞாபகத்துக்கு வந்து காது சூடானது. அப்புறம் தலைகளை எண்ணினேன். முந்நூறுக்குக் கிட்டே. காது உடனே ஆறிவிட்டது.

பள்ளிக்கூடத்து மேடைக்கு எதிரே, ஊரில் இருந்த ஒரே நாற்காலியை முன்வரிசையில் போட்டுப் பாயை உட்கார வைத்தார்கள். அவர் கையில் தேன் கிண்ணம். என்னைக் கூப்பிட்டுக் காதோரம் சொன்னார்:

“வசந்திம்மா, மேடைக்குப் பின்னால போவ உட மாட்டேங்குறாங்க. நான் என்னா பண்ணட்டும்?”

“இங்கயே இருங்க பாய். உங்க இடம் வரும்போது கூட்டத்துலேர்ந்து எழுந்து வாங்க. அது புது உத்தி.” (அந்த உத்தியைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன்.)

நாடகம் ஆரம்பித்தது. ஜனங்கள் அமைதியாகப் பார்த்தார்கள், சரியான இடங்களில் சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் பாய் முன்வரிசையிலிருந்து மாலையோடு எழுந்தார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அவர் மேடையேறி, தொண்டையைச் செருமி, “சபையோரே” என்று ஓங்கிய குரலில் பாட ஆரம்பித்தார். கூட்டத்தில் ஒரு விநோதமான அமைதி. குரல் வளத்தில் சொக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்து மனு வாங்கும் கட்டம். கிராமத்து ஆளாக நடித்த முருகேசன் ஒரு வெற்றுத்தாளை நீட்டினார். பாய் பச்சை மைப் பேனாவை எடுத்தார். அப்போது சின்னப்பொண்ணு மேடைமேல் ஏறினார். இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை, பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு. முருகேசனுக்கு இன்னும் ஆறு வசனம் பாக்கி இருந்தது. அவரை யாரோ தோளைப் பிடித்து மரியாதையாக ஓரம் கட்டினார்கள்.

பாய் மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம், வேண்டாம் என்றேன். (வாங்குங்க, வாங்குங்க என்றுதான் நான் காட்டினேன் என்று அவர் இன்றும் சத்தியம் செய்வார்.) அவர் மனுவை வாங்கிவிட்டார்.

“சொல்லும்மா. என்னா கொற?”

“போரிங் பம்பு ஒடஞ்சி ஒரு வருசம் ஆவுதுங்க. ஓடைக்குத்தான் போறோம்.”

“ஓடை எவ்ளோ தூரம்? யாரு யாரு போறீங்க? மழ காலத்துல என்னா பண்றீங்க?”

ஒரு வசனமும் அதில் நாடகத்திலிருந்து வந்ததில்லை. பாய் ஒருத்தரையும் அவசரப்படுத்தவில்லை. கடையில் சட்டைக்கு அளவெடுக்கும்போது ஆளை நிற்க வைத்து முழுசாகப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்து, கேட்டு, மனுவின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். சாதிச் சான்றிதழ் கேட்டு ஒன்று. பஸ் கேட்டுப் பத்துப் பன்னிரண்டு. பிள்ளைகளுக்குச் சீருடை வரவில்லை என்று ஒரு தாய் சொன்னதும், பாயின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அளவு நாடா வெளியே வந்தது. கலெக்டர் மேடையில் மண்டி போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மார்பும் இடுப்பும் அளந்து மனுவின் பின்பக்கம் குறித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நோட்டீஸ், சல்யூட், மாலை, நாற்காலி எல்லாம் வரிசையாக வந்து தலையில் இடித்தன. ஆள்மாறாட்டம் என்ற வார்த்தையும் வந்தது. வேலை போகும். ஜெயிலுக்குக்கூடப் போகலாம். அதைவிட, இத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறோம். கடைசி மனு முடிந்ததும் மேடையேறினேன்.

“எல்லாரும் என்ன மன்னிக்கணும். இவரு கலெக்டர் இல்லீங்க. டெய்லருங்க. நாங்க நாடகம் போட வந்தவங்க.”

கல் எறிவார்கள் என்று எதிர்பார்த்தேன். கல் வரவில்லை. சின்னப்பொண்ணுதான் கீழேயிருந்து, “தெரியும்மா” என்றார்.

“எப்பேர்ந்து தெரியும்?”

“பாட்டு பாடினாரே, அப்பவே. கலெக்டரு இன்னாத்துக்குப் பாடறாரு?”

பக்கத்திலிருந்த ஒருவர், “எனக்கு அதுக்கு முன்னாலயே தெரியும். மாலை போட்டதும் என் சட்டையோட தையல நிமிட்டிப் பாத்தாரு” என்றார். இன்னொருவர், “கலெக்டர்னு நோட்டீஸ்ல போட்டதுமே எனக்கு நம்பிக்க இல்ல. எப்ப வந்தாங்க, இப்ப வர்றதுக்கு?” என்றார். நான் பயத்தை மறந்தேன். எனக்கு இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் போலிருந்தது. மேடையை விட்டு இறங்கி ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டே போனேன். நான்கு பேர் மட்டும் நான் சொல்கிற வரைக்கும் நம்பியிருக்கிறார்கள். அதில் ஒருவர் எங்கள் ஜீப் டிரைவர். (அன்று காலைதான் பணிக்கு மாற்றி விட்டிருந்தார்களாம்.)

“தெரிஞ்சும் ஏங்க மனு குடுத்தீங்க?”

சின்னப்பொண்ணு என்னை அதிசயமாகப் பார்த்தார். “எழுதினது எழுதியாச்சு. அவரு வேசக்காரர்தான். ஆனா ஜீப்பு நெஜந்தான? வேங்கிக்காலுக்குத்தான போவுது?”

அவரே மேலே சொன்னார்: “அது மட்டும் இல்ல. மொத ஆளு குடுத்தப்போ சும்மா வாங்கி வெச்சிக்குவார்னு பாத்தோம். குந்தி கத கேட்டாரு. சரின்னு எல்லாரும் குடுத்தோம்.” கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார். “உங்க ஆட்டத்த நாங்க பாக்க கெவுருமெண்டு ஜீப்பு அனுப்புது. எங்க ஆட்டத்த நீங்க பாக்க எந்த ஜீப்பு?”

திரும்பி வரும்போது மனுக்கட்டு பாயின் மடியில் இருந்தது.

“கீழ போட முடியாதும்மா. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“ஐயோ பாய், என்னான்னு போட்டீங்க?”

“அமீர்னுதான். கலெக்டர்னு போடல. அவ்ளோ புத்தி கம்மி இல்ல எனக்கு.”

திங்கட்கிழமை காலையில் விஷயத்தைக் கேட்டு மாணிக்கம் சார் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். “இதெல்லாம் நடக்கவே இல்ல. நீயும் மறந்துடு, நானும் மறந்துடறேன்” என்றார். அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்த மனுக்கட்டை என் மேசை டிராயரில் வைத்து மூடியதும் சின்னப்பொண்ணு இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்த விதம் கண்முன் வந்தது. அன்று கலெக்டர் நேரில் மனு வாங்குகிற மனுநீதி நாள். பையில் கட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பொதுமக்களோடு வரிசையில் நின்றேன்.

முன்மேசையில் மனுக்களுக்கு முத்திரை போடுகிற கிளார்க் ஒருவர். ஒல்லியாக, சிரிக்காத முகம். ஐம்பத்து மூன்றையும் புரட்டினார்.

“ஏங்க, இதெல்லாம் உங்க சொந்தக் கொறையா, ஊர்க் கொறையா?”

“ஊர்க் கொறைங்க. என் சொந்தக் கொற உள்ள போனப்புறந்தான் ஆரம்பிக்கும்” என்றேன். அவர் முத்திரை போடுவதை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கேட்டார். அப்புறமும் சிரிக்கவில்லை. ஆனால் மனுக்களை விஷயவாரியாகப் பிரித்து, தனித்தனியாக நூல் கட்டிக் கொடுத்தார்.

உள்ளே இருந்த நிஜக் கலெக்டர் ஒரு பெண்மணி. மேலாக இருந்த மனுவில் பச்சை மையைப் பார்த்ததும் நிமிர்ந்தார். “யாரு கையெழுத்து இது?”

“டெய்லர்துங்க மேடம்.”

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பாயின் ஓரக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ‘ஓடை ஒன்றரை மைல். கர்ப்பிணிகளும் போகிறார்கள்.’ ‘இந்த அம்மாவுக்குக் காது மந்தம். உரக்கப் பேசவும்.’ ‘மூத்தவன் வளர்கிற பிள்ளை. மடிப்பு விட்டுத் தைக்கவும்.’ அந்தக் கடைசி மனுவைத் திருப்பி, பின்பக்கம் குறித்திருந்த அளவுகளைப் பார்த்தார். அப்புறம் கட்டைத் தனக்கு இடப்பக்கம் வைத்துக்கொண்டு, “நீங்க போலாம்” என்றார். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை.

இரண்டுமாக இருந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது: ‘நாடகத்துக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொதுமக்களுக்குத் தெளிவுபடுத்தத் தவறியமைக்காக.’ நெல்லிமரத்தூருக்கு இரண்டு மாதம் கழித்துப் புதுப் பம்பு வந்தது. சான்றிதழ்கள் சில வந்தன. சீருடைகள் வந்தன, அளவு சரியாக. பஸ் மட்டும் பல வருஷங்களுக்கு வரவில்லை.

படிவத்தை நிரப்புகிற வேலை பாக்கி இருந்தது. ‘நிகழ்த்தியவர்கள்’ என்ற கட்டத்தில் யாரை எழுதுவது என்று நெடுநேரம் யோசித்து, ‘இரு தரப்பினரும்’ என்று எழுதினேன். ‘பார்வையாளர்கள்’ கட்டத்திலும் அதையே எழுதினேன். மாணிக்கம் சார் படித்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்காமல், வம்பே வேண்டாம் என்றிருந்த அந்த மனிதர், ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக ஒரு கோப்பு எழுதி அனுப்பினார். அடுத்த வருஷம் நெல்லிமரத்தூர்க்காரர்கள் அரசு ஜீப்பிலும் வேனிலும் இறங்கி வந்து வேங்கிக்காலில் ஆடினார்கள். சின்னப்பொண்ணு ஆட்டத்தின் நடுவில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அமீர் பாயின் கடைக்கு ‘கலெக்டர் கடை’ என்று பேர் நிலைத்துவிட்டது. மலையிலிருந்து மனுவோடு வருகிறவர்கள் முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனார்கள்.

முத்திரை போட்ட கிளார்க்கைத்தான் நான் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் யார் என்ன புகார் சொன்னாலும், ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்றாலும் மோட்டார் ஓடவில்லை என்றாலும், அவர் தலையைத் தூக்காமல், “சொந்தக் கொறையா, ஊர்க் கொறையா?” என்று கேட்பார். இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் எங்கள் மகள். போன மாதம் சென்னையிலிருந்து வந்தவள், சாப்பிட்டு முடித்ததும், “அப்பா, ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

“சொந்தக் கொறையா, ஊர்க் கொறையா?” என்றார் அவர், பேப்பரைப் பார்த்தபடியே.

“சொந்த விஷயந்தான்ப்பா. ஒருத்தரப் பிடிச்சிருக்கு. நல்லவரு. நாடகத்துல நடிக்கிறாரு.”

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“என்னா வேஷம் போடறார்னு மொதல்ல கேளுங்க” என்றேன் நான்.